உருட்டும் பந்தும் உரிய கையும்

விடுமுறையில் கடக்வாஸ்லாவிலிருந்து பிள்ளைகளுடன் புனே நகருக்குச் செல்லும் நம்மவர் சிலர், அங்குள்ள பௌலிங் கூடங்களுக்கும் செல்கின்றனர். பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் அவ்வாட்டத்தில் சற்றே தேறிய பிள்ளைகள் சொந்தப் பந்து கேட்பது இயல்பே. வாங்குமுன் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

விதிப்படி பந்தின் எடை 16 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 7¼ கிலோவுக்கு, மிகலாகாது. மிகுந்த எடையே வீரமென்று தந்தையின் பந்தைத் தூக்கும் சிறுவனுக்கு மணிக்கட்டு நோவதே மிச்சம். தோள் சாயாமல் வீசக்கூடிய எடையே அவனுக்குரியது.

நேராக உருட்டுபவருக்குப் பாலியெஸ்டர் பந்து போதும், விலையும் குறைவு. வளைத்து உருட்டுபவருக்கோ தளத்தைப் பற்றும் மேற்பரப்பு வேண்டும். 60 அடித் தளத்தின் முற்பகுதியில் எண்ணெய் பூசியிருப்பர். பந்து அதில் வழுக்கிச் சென்று, எண்ணெய் இல்லாத இடத்தில் பிடிப்புப் பெற்றுத் திரும்பும். யூரிதேன் பந்து மெல்லத் திரும்பும். 1990களில் பரவிய ரியாக்டிவ் ரெசின் பந்து வெடுக்கெனத் திரும்பும். பந்தைச் சுழற்றக் கற்காதவருக்கு இது வீண் செலவென்றே கருதுகிறோம். தேர்ந்த ஆட்டக்காரரும், எஞ்சி நிற்கும் ஒற்றைக் கட்டையை வீழ்த்தப் பாலியெஸ்டரையே எடுப்பதுண்டு.

எல்லாவற்றினும் முக்கியம் விரல் துளைகள். அளவெடுத்துத் துளையிட்ட பந்து அந்தக் கைக்கே பொருந்தும். அண்ணன் சட்டையைத் தம்பிக்கு அணிவிக்கும் நம் வீட்டுச் சிக்கனம் இங்கே செல்லாது. துளை தளர்ந்திருந்தால், பந்து நழுவாதிருக்கப் பிள்ளை விரல்களை இறுக்குவான். வீச்சு கெடும், கட்டைவிரலும் வீங்கும். பழைய துளைகளை அடைத்துப் புதிதாகத் துளையிடலாம். அவ்வேலை அறிந்தவர் கிட்டும்வரை, கூடத்தார் தரும் பந்திலேயே பிள்ளை ஆடட்டும்.