பத்திரத்தை மில்லுக்காரன் பீரோவுல வைக்காதீங்க

முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கதையில தப்பு என் மேலயும் இருக்கு. அந்தக் கோவத்துலதான் எழுதறேன், கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்குங்க.

திருவையாறு பக்கம் எனக்கு ஒரு சித்தப்பா. சீரகச் சம்பாவும் மாப்பிள்ளைச் சம்பாவும் போட்டு, அரிசியாக்கி நேரடியா விக்கறாரு. சைட் ஒண்ணு வேணும்னு கேட்டப்ப, நாந்தான் தஞ்சாவூர்ல ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். "டொமைன், ஹோஸ்டிங், மெயில் எல்லாம் ஒரே பேக்கேஜ் சார், டொமைன் ஃப்ரீ"ன்னாரு. "ஒரே இடத்துல இருந்தா சுலபம் சித்தப்பா"ன்னு நானும் ஒத்து ஊதினேன். சித்தப்பா அந்த டாட் காம் முகவரியைப் பையில அச்சடிச்சாரு, மூவாயிரம் பை.

மூணு வருஷம் நல்லா ஓடுச்சு. நாலாவது வருஷம் பொங்கல் நேரத்துல சைட் காணோம். அந்த ஆளோட போனும் ஸ்விட்ச் ஆஃப். அப்பறந்தான் தோண்டிப் பாத்தோம். பெயர் பதிவானது அவரோட கணக்குல, உரிமையாளர் இடத்துல அவர் பேரு, தொடர்புக்கு அவர் மெயிலு. காலாவதி ஆகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு அறிவிப்பு, ஒரு வாரம் முன்னாடி ஒரு அறிவிப்பு அனுப்பணும்னு ஐகான் விதி இருக்கு. அனுப்பித்தான் இருப்பாங்க, அவருக்கு! சித்தப்பாவுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூட வரலை. காலாவதிக்கு அப்பறம் கொஞ்ச நாள் சலுகை உண்டு, பெயரை நீக்கினதுக்கு அப்பறமும் அபராதம் கட்டி மீட்க 30 நாள் உண்டு. அதெல்லாம் கணக்கு வச்சிருக்கறவருக்கு. எல்லாம் முடிஞ்சு பெயர் சந்தைக்கு வந்துச்சு, யாரோ எடுத்துட்டாங்க. இன்னைக்கு அந்த முகவரியைத் தட்டினா ஏதோ விளம்பரப் பக்கம் வருது.

நம்ம ஊர்ல நெல்லை எந்த மில்லுல வேணா அரைப்போம். இந்த மில்லு சரியில்லைன்னா அடுத்த மில்லு. அதுக்காக நிலத்துப் பத்திரத்தை மில்லுக்காரன் பீரோவுல வைப்பமா? ஹோஸ்டிங்கறது மில்லு. டொமைன் பத்திரம். இவ்வளவுதாங்க விஷயம்.

பத்திரம்னு சொன்னது கூட கொஞ்சம் அதிகம். கோயில் அடிமனையில வீடு கட்டின மாதிரிதான் அது. காசு கட்டற வரைக்கும்தான் நம்மது. ஒரு நேரத்துல அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிய முடியும். அப்படி இருக்கறப்ப ரசீது யார் பேர்ல இருக்குங்கறது இன்னும் முக்கியமில்லையா?

"சின்ன ஆளுகிட்ட போனா அப்படித்தான், பெரிய கம்பெனிகிட்ட போகணும்"னு சொல்லுவீங்க. சரி, நம்ம நாட்டு நெட் ஃபோர் இந்தியா கதையைப் பாருங்க. டொமைன், ஹோஸ்டிங், மெயில் மூணும் வித்த கம்பெனி, ஐகான் அங்கீகாரம் வாங்கின பதிவாளர். திவால் வழக்குல சிக்குச்சு. பெயரைப் புதுப்பிக்கவும் முடியாம, வேற இடத்துக்கு மாத்தவும் முடியாம எத்தனையோ பேர் தவிச்சாங்க. 2021-ல ஐகான் அங்கீகாரத்தை ரத்து பண்ணி, பெயர்களை இன்னொரு பதிவாளருக்கு மாத்திவிட்டுது. கவனிங்க, ஐகான் காப்பாத்தினது பெயர்களை. ஹோஸ்டிங்கையும் மெயிலையும் காப்பாத்தறது அவங்க வேலை இல்லை. பெயருக்கு மேல ஒரு நாட்டாமையாவது உண்டு, ஹோஸ்டிங்குக்கு அது கூடக் கிடையாது. மூணையும் ஒரே கூடையில வச்சவனுக்கு மூணு அடி. பிரிச்சு வச்சவனுக்கு ஒண்ணோட போச்சு.

"நான் பிளாக்ஸ்பாட், எனக்கென்ன"ன்னு சிரிக்கற நண்பர்களே, உங்களுக்கும் இருக்கு. 2012-லேருந்து சில வருஷம் நம்ம ஊர்ல யார் திறந்தாலும் பதிவுகள் பிளாக்ஸ்பாட் டாட் இன்னுக்குத் திரும்பிச்சே, ஞாபகம் இருக்கா? அந்த முகவரியிலயே எத்தனை பேர் சுட்டி குடுத்தோம்! 2020-ல அந்தப் பெயர் கூகிள் கையை விட்டுப் போயிருச்சு, வேற யாரோ வாங்கிட்டாங்க. அந்தச் சுட்டியெல்லாம் அம்போ. கூகிளுக்கே அந்த கதின்னா, அடுத்தவன் பெயருக்குக் கீழே குடியிருக்கற நமக்கு?

"ரெண்டு இடம், ரெண்டு பில், யாருங்க அலையறது"ங்கறதுதான் அடுத்த வாதம். பதிவாளர் பக்கத்துல நேம்சர்வர் ரெண்டு வரியை மாத்தினா முடிஞ்சுது. டீ ஆறறதுக்குள்ள செஞ்சிடலாம், உலகம் பூரா பரவ சில மணி நேரம், மிஞ்சிப் போனா ரெண்டு நாள். ஹோஸ்டிங்காரன் மொறைச்சா கோப்புகளைத் தூக்கிட்டு அடுத்த இடத்துக்குப் போயிட்டே இருக்கலாம். இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு பில் அதிகம் கட்டினா என்ன குறைஞ்சிடும்?

"இலவச டொமைன்"ல இலவசம் முதல் வருஷம்தான். ரெண்டாம் வருஷ விலையைக் கேட்டுட்டு அப்பறம் சிரிங்க.

வேண்டியது இவ்வளவுதான்:

1. பதிவாளர் கணக்கு உங்க பேர்ல, உங்க பாஸ்வேர்டோட இருக்கணும். உரிமையாளர் இடத்துல உங்க பேர் இருக்கணும்.

2. அந்தக் கணக்குக்கு அதே டொமைன்ல இருக்கற மெயிலைக் குடுக்காதீங்க. டொமைன் படுத்தா மெயிலும் படுத்துடும், அறிவிப்பு எங்க வரும்?

3. வாங்கறதுக்கு முன்னாடியே, மாத்திக்கற ரகசியக் குறியீட்டை நாமளே எடுக்க முடியுமான்னு கேளுங்க. அஞ்சு நாளைக்குள்ள குடுக்கணுங்கறது டாட் காம் மாதிரி பெயர்களுக்கு ஐகான் விதி. மழுப்பினா எழுந்து வந்துடுங்க.

4. இப்ப வேற ஆளு கையில இருந்தா, காலாவதிக்கு முந்தின வாரம் வரைக்கும் காத்திருக்காம இப்பவே கேட்டு வாங்குங்க. உறவு நல்லா இருக்கறப்ப கேட்டாத்தான் கிடைக்கும்.

சித்தப்பா இப்ப வேற பெயர் வாங்கிட்டாரு, அவர் பேர்லயே. பழைய பை இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிடக்கு. அதுல தவிடு கட்டி வச்சிருக்காரு. நான் போறப்பல்லாம் அந்தப் பையைத்தான் திண்ணையில எடுத்து வைக்கறாரு, ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறாரு. திட்டினா கூடத் தேவலாம் :-(