அஞ்சலிற் சேராத மடல்

ஒருவர் வகித்த பதவிகளை வரலாறு எடுத்துரைக்கும். அவருடைய உள்ளத்தையோ, பிறர் கண்ணிற் படுமென்று கருதாது அவர் எழுதிய கடிதங்களே காட்டும். சலிவன் பலூ என்னும் அமெரிக்கரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

1829-ஆம் ஆண்டு றோட் ஐலண்ட் மாநிலத்திற் பிறந்த பலூ, குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். அரிதின் முயன்று கற்றுச் சட்டத்தரணியானார். மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாகி, முப்பது வயது நிரம்புமுன்னரே அதன் சபாநாயகராகவும் உயர்ந்தார். 1855-இல் சாரா என்னும் நங்கையை மணந்தார். ஆண்மக்கள் இருவர் பிறந்தனர்.

அடிமை முறையைக் காக்க விழைந்த தென் மாநிலங்கள் பிரிந்து நிற்க, 1861 ஏப்பிரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. பலூ வடபுலத்துப் படையில் மேஜராகச் சேர்ந்து வாஷிங்டன் சென்றார். யூலை 14-ஆம் நாள், வீரர்கள் சுற்றிலும் உறங்கிக்கொண்டிருக்க, மனைவிக்கு ஒரு மடல் வரைந்தார்.

நாட்டை உருவாக்கிய முன்னோருக்குத் தாம் பட்ட கடனைத் தீர்க்க அவர் சித்தமாயிருந்தார். கொண்ட கொள்கையில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும், தந்தையற்ற பிள்ளையின் துயரைத் தாமே நுகர்ந்தவர் அவர். அதே துயரைத் தம் மக்களுக்கும் விட்டுச் செல்ல நேருமோ என்ற எண்ணம் அவரை வாட்டியது. நாட்டுப்பற்றும் இல்லறப் பற்றும் ஒரே நெஞ்சில் மோதுவதை அம்மடலிற் காண்கின்றோம். தம் குறைகளைப் பொறுத்தருளுமாறும் மனைவியை அவர் வேண்டுகின்றார்.

ஒரு வாரம் கழிந்தது. யூலை 21-இல் புல் றண் போர்க்களத்திற் பீரங்கிக் குண்டு அவர் காலைச் சிதைத்தது. காலைத் துண்டித்தும் பயனின்றிச் சில நாட்களில் அவர் உயிர்நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 32. பகைவர் புதைகுழியைத் தோண்டி உடலை எரித்துவிட்டமையால், 1862-இல் மாநில ஆளுநர் தேடிச் சென்று மீட்டவை எலும்பும் சாம்பருமே.

அம்மடல் அஞ்சலிற் சேர்க்கப்படவேயில்லை. அவருடைய உடைமைகளுள்ளிருந்து பின்னர் கிடைத்ததென்பர். இன்று நமக்குக் கிடைப்பவை அதன் பிரதிகளே. 1990-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அது வாசிக்கப்பட்டபோது, இலட்சக்கணக்கானோர் கேட்டு உருகினர்.

சாரா மறுமணம் செய்யவில்லை. மக்கள் இருவரையும் வளர்த்து ஆளாக்கி, 1917-இல் மறைந்தார்.

மாணவ நேயர்களே, தியாகம் என்றதும் களத்தில் வீழ்ந்த வீரனையே நினைக்கின்றோம். அவன் தன் கடனை ஒரு நாளில் தீர்த்துவிடுகின்றான். பலூவின் கடனில் எஞ்சியதைச் சாரா 56 ஆண்டுகள் நாள்தோறும் தீர்த்தாள். அதனை முன்னரே உணர்ந்து கலங்கியமையாலன்றோ, அவ்வீரனின் மடல் இன்றும் நம் நெஞ்சைத் தொடுகின்றது!