ஊரின் காற்றும் ஊராரின் பொறுப்பும்

ஊர் வளர்வது கண்டு மகிழாதார் இல்லை. தொழிற்சாலை வந்தால் வேலை வரும். சாலை வந்தால் சந்தை கிட்டும். ஆதலின் நகர வளர்ச்சியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் வரவை எழுதும் ஏட்டிலேயே செலவையும் எழுதுவதுதான் முறையான கணக்கு. வரவை மட்டும் காட்டும் ஐந்தொகையை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார் என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கறிவர்.

வடசென்னையின் மாத்தூரை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கிழக்கே மணலி, மணலிக்கும் அப்பால் கடலோரத்தே திருவொற்றியூர், வடகிழக்கே எண்ணூர். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. 1970இல் எண்ணூரில் அனல் மின் நிலையம் எழுந்தது. அது 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆயினும் 1994இல் தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையம் அப்பகுதியிலேயே நிலக்கரியை எரித்து மின்சாரம் தருகின்றது. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது மாத்தூரும் மாநகரோடு சேர்ந்தது.

இவ்வளர்ச்சி வானிலையை எவ்வாறு மாற்றுகின்றது? பயிர் செய்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈர மண்ணும் இலையும் வெயிலின் வெப்பத்தில் ஒரு பகுதியை நீராவியாக்கிச் செலவிடும். ஆகவே சுற்றுப்புறம் தணியும். காரையும் தாரும் அங்ஙனம் செய்வதில்லை. அவை பகலில் வெப்பத்தை உறிஞ்சி, இரவெல்லாம் மெல்ல வெளியிடுகின்றன. நகரின் இரவு நாட்டுப்புறத்து இரவைவிட வெப்பமுடையது என்பதை, இலண்டன் நகரில் அளந்து பார்த்த லூக் ஹோவார்டு என்பார் 1818இலேயே நூலில் எழுதினார். வெயிலில் உழைத்தவனுக்கு இரவிலும் உடல் ஆறவில்லையெனில், மறுநாள் உழைப்பு எங்கிருந்து வரும்?

நெசவாளர் இதை வேறொரு வகையில் அறிவர். வறண்ட காற்றில் பருத்தி நூல் இற்றுப்போகும். தறிக்குழியின் ஈரமே அதைக் காக்கும். தறிக்குழி நூலுக்குச் செய்யும் உதவியை ஏரியும் குளமும் ஊருக்குச் செய்கின்றன. ஏரியைத் தூர்த்து மனை போடுவது, தறிக்குழியை மூடிவிட்டு நெய்ய முற்படுவதை ஒக்கும்.

இனிக் காற்றைப் பற்றிப் பார்ப்போம். கோடை நண்பகலில் சென்னைக்கு உயிர் தருவது கடற்காற்று. ஆனால் மாத்தூரை அடையும் கடற்காற்று திருவொற்றியூரையும் மணலியையும் கடந்தே வருகின்றது. மழை தரும் வடகிழக்குக் காற்றோ எண்ணூரின் புகைபோக்கிகளைத் தாண்டி வருகின்றது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அமர்ந்துவிடும். அப்போது புகை மேலெழ வழியின்றித் தெருவிலேயே தங்கும். 2018ஆம் ஆண்டுப் போகியன்று நாம் கொளுத்திய புகையும் பனியும் கலந்து, சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பியது நினைவிருக்கலாம். குற்றம் ஆலைகளுடையது மட்டுமன்று.

2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளை ஆராய்ந்து, காற்று, நீர், நிலம் மூன்றையும் கருதி மதிப்பெண் இட்டது. மணலிக்குக் கிடைத்தது 100க்கு 76.32. எழுபதைத் தாண்டியவை மிகக் கடுமையாக மாசுபட்டவை என அறிவிக்கப்பட்டன. மதிப்பெண் கூடக் கூட வெட்கப்பட வேண்டிய தேர்வு இது.

பரிகாரம் என்ன? இராயபுரத்தின் அனுபவம் ஒரு பாடம். சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசும் இரும்புத்தாதுத் தூசும் அப்பகுதி மக்களைப் பல்லாண்டு வருத்தின. அவர்கள் விடாது முறையிட்டனர். 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையை அடுத்து அங்கே அச்சரக்குகளைக் கையாளுவது நின்றது. நியாயமான வெற்றி அது. ஆனால் நிலக்கரி போன இடம் எது? எண்ணூர்த் துறைமுகம். ஒரு வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவது துப்புரவாகாது. தூசு எழும் இடத்திலேயே அதை அடக்குவதுதான் உண்மையான பரிகாரம்.

அதற்கான விதிகள் இல்லாமலில்லை. அனல் மின் நிலையங்கள் விடும் கந்தகப் புகைக்கு மத்திய அரசு 2015 டிசம்பரில் வரம்பு விதித்து, ஈராண்டில் நிறைவேற்றக் கூறியது. பின்னர் அக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. நாம் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு இத்தனை தவணை கிடைக்குமா?

காற்று, பங்குத்தொகை கட்டாமலேயே அனைவரும் அங்கத்தினராயுள்ள ஒரு கூட்டுறவுச் சொத்து. அதில் ஒருவர் செய்யும் கையாடல் அனைவருக்கும் நட்டம். ஆகவே நாம் வேண்டுவன மூன்று. மாத்தூர், மணலி, மாதவரம் ஏரிகளில் ஒரு சாண் நிலமும் இனிக் குறையலாகாது. புகைக்கும் தூசுக்கும் விதித்த வரம்பு, தவணையின்றி நிறைவேற வேண்டும். நாமும் குப்பையையும் பழைய டயரையும் எரிப்பதை இன்றே விடவேண்டும். முதலிரண்டையும் ஒவ்வொரு சங்கமும் தன் பொதுப் பேரவையில் தீர்மானமாக இயற்றி அரசுக்கு அனுப்பட்டும். மூன்றாவதற்குத் தீர்மானம் வேண்டியதில்லை. தீக்குச்சியைக் கீழே வைத்தால் போதும்.