ராத்திரி ரெண்டு அத்தியாயம்

ப்ளேஸ்மென்ட் சீசன்ல யாராவது போன்ல சரித்திர நாவல் படிச்சிட்டு இருந்தா, "இந்த நேரத்துல ராஜா ராணி கதை தேவையா?"ன்னு கேட்காதீங்க. அந்தக் கேள்விக்கு 80 வருஷத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல பதில் கிடைச்சாச்சு.

1942 ஏப்ரல். ஜப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பயம். அவசியம் இல்லாதவங்க சென்னையை விட்டுக் கிளம்புங்கன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு. தெற்கே ஊர் இருந்தவங்க எழும்பூர்ல ரயில் ஏறி, நம்ம தாம்பரத்தைத் தாண்டித்தான் போனாங்க. மிருகக்காட்சி சாலையில இருந்த கொடிய விலங்குகளைக்கூட சுட்டுட்டாங்க.

அப்போ 'கல்கி' பத்திரிகையில ஓடிட்டு இருந்த தொடர்கதை 'பார்த்திபன் கனவு'. 1941ல ஆரம்பிச்சு 1943 வரைக்கும் வந்தது. காவிரிக் கரையில படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி. நாடு கடத்தப்பட்ட சோழ இளவரசன் விக்கிரமன். அவனை விரும்புற குந்தவியோ, எதிரியான பல்லவச் சக்கரவர்த்தியோட மகள். நடுவுல நரபலி கேட்கிற கபாலிகர்கள், ஆபத்து நேரத்துல வந்து நிக்கிற ஒரு சிவனடியார். (அவர் யாருன்னு நான் சொல்ல மாட்டேன்!)

நாளைக்கு ஊர் இருக்குமான்னே தெரியாத நேரத்துல, அந்த வாசகர்கள் கையில 'தொடரும்'னு முடியுற ஒரு பக்கம் இருந்திருக்கு. காத்திருப்புல ரெண்டு வகை உண்டு. கம்பெனி மெயிலுக்காகக் காத்திருக்கிறது நம்மைத் தின்னும். அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கிறது நம்மைத் தாங்கும். முதல் வகை மட்டுமே இருக்கிற மனசு சீக்கிரம் உடைஞ்சிடும்.

"இதெல்லாம் தப்பிச்சு ஓடுறதுதானே?"ன்னு கேட்கலாம். எழுதினவரைப் பாருங்க. கல்கி சுதந்திரப் போராட்டத்துல சிறைக்குப் போனவர். பல்லவர்களுக்குக் கப்பம் கட்ட மாட்டேன்னு போர்ல செத்த பார்த்திபனோட கனவு, சோழ நாடு சுதந்திரமா இருக்கணும்ங்கிறதுதான். அந்தக் கதை வந்துட்டு இருக்கும்போதே, 1942 ஆகஸ்ட்ல 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் வெடிச்சது. ஆக, இளைப்பாற உட்கார்ந்தவங்க கையில அந்தக் கதை ஒரு கனவையும் கொடுத்துச்சு. ஓடிப்போறது வேற, மூச்சு வாங்கிட்டுத் திரும்பி வர்றது வேற.

குறை இல்லாம இல்லை. பொன்னனும் வள்ளியும் ராஜ குடும்பத்துக்காகவே ஓடி ஓடி உழைக்கிறாங்க. அவங்களுக்குன்னு ஒரு கனவு இருந்ததான்னு கதை யோசிக்கவே இல்லை. அந்த ராஜ்ஜியத்துல பிறந்திருந்தா, நம்ம வகுப்புல எத்தனை பேர் கையில புத்தகம் இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை மனசுல வச்சுக்கிட்டே படிங்க. ஆறுதலும் கேள்வியும் ஒரே புத்தகத்துல இருக்கலாம், தப்பில்லை.

என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இதுல ஒரு லாபமும் உண்டு. தமிழ் நமக்கு மெதுவாத்தான் படிக்க வரும். நாள் முழுக்க கோடிங் டெஸ்ட்லயும் ரீல்ஸ்லயும் ஓடுற மூளைக்கு அந்த மெதுவே மருந்து. காசும் வேண்டாம்: கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆகிடுச்சு, மதுரைத் திட்டம் தளத்துல இலவசமா இருக்கு. அடுத்த தடவை பீச் ரயில்ல போகும்போது பல்லாவரத்துல தலையைத் தூக்கிப் பாருங்க. குந்தவியோட தாத்தா மகேந்திரவர்மர் குடைஞ்ச குகை அந்த ஊர் மலையிலதான் இருக்கு.

நாவல் படிச்சா அரியர் க்ளியர் ஆகாது, ஆஃபர் லெட்டரும் வராது. ஆனா காலையில எழுந்து மறுபடி முயற்சி பண்ண ஒரு தெம்பு வரும். ராத்திரி ரெண்டு அத்தியாயம் போதும். மீதியை நாளைக்குப் படிச்சுக்கலாம், அது எங்கேயும் போகாது.