மளிகைக் கடை மூட்டைக்குள் 'மாத்திரை'... வண்டைவிட ஆபத்து எது? முழு விளக்கம்

கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய அரிசி. வீட்டுக்கு வந்து மூன்றே வாரத்தில் டப்பாவைத் திறந்தால் கறுப்புக் கறுப்பாக வண்டு. "பழைய சரக்கைத் தலையில கட்டிட்டாரு" என்று கடைக்காரர் மேல் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குப் பயந்துதான் பல கடைகளில் மூட்டைகளுக்கு நடுவே 'மாத்திரை' வைக்கிற பழக்கம் வந்தது.

மதுரை கீழமாசி வீதியில் மொத்தமாக இறங்கும் பருப்பும் அரிசியும் மிளகாயும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வரை சின்னச் சின்ன கடைகளுக்குப் போகின்றன. எந்தக் கடைக்குப் போனாலும் வண்டு, எலி, கரப்பான் என்று தலைவலி ஒன்றுதான். இதை ஒழிக்க யார், எதை, எப்படிப் பயன்படுத்தலாம்? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

வண்டு எங்கிருந்து வருகிறது?

அரிசியில் வரும் மூக்கு நீண்ட கூன்வண்டு, அரிசி மணியிலேயே சின்னத் துளை போட்டு உள்ளே முட்டை வைத்து, துளையை மூடிவிடும். புழு மணிக்குள்ளேயே வளரும். மதுரை மாதிரி சூடான ஊரில் சுமார் ஒரு மாதத்தில் முழு வண்டாக வெளியே வரும். அதனால், வாங்கும்போது கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிகிற அரிசியில் முட்டை ஏற்கெனவே இருக்கலாம். ஆலை, லாரி, மொத்தக் கடை, சில்லறைக் கடை... எந்த இடத்தில் வந்தது என்று சொல்வது கஷ்டம்.

பயறு வண்டு வேறு ரகம். தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொண்டைக்கடலை மேல் வெள்ளைப் புள்ளி மாதிரி ஒட்டியிருப்பது அதன் முட்டை. முழுப் பயறுதான் அதற்கு வசதி, உடைத்த பருப்பில் அவ்வளவாகப் பெருகாது. ரவை, மாவில் வருவது செம்மாவு வண்டு. மிளகாய், மல்லியைத் துளைப்பது சிகரெட் வண்டு. புகையிலையையும் தின்பதால் அந்தப் பெயர்.

எலி விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. குட்டி எலி நுழைய அரை அங்குல ஓட்டை போதும். சுண்டெலிக்குப் பென்சில் நுழையும் இடுக்கே போதும். எலி தின்பதைவிட அது சிறுநீர் கழித்துக் கெடுப்பது அதிகம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் பரவுகிறது.

சட்டம் கடைக்காரரிடம் என்ன கேட்கிறது?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-ல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5-ல். புழு, வண்டு, பூச்சி விழுந்த உணவை 'பாதுகாப்பற்ற உணவு' என்கிற வரையறைக்குள் இந்தச் சட்டம் வைத்திருக்கிறது. அந்நியப் பொருள் கலந்த உணவை விற்றாலோ, விற்பதற்காக வைத்திருந்தாலோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

2011-ம் ஆண்டு உரிம விதிமுறைகளின் 4-வது அட்டவணை, பூச்சிக் கட்டுப்பாட்டைத் தனியாகவே பேசுகிறது. ஓட்டை, சாக்கடை வழிகளை அடைக்க வேண்டும் அல்லது வலை போட வேண்டும். சரக்கைத் தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். மருந்து பயன்படுத்தினால் என்ன மருந்து, எந்தத் தேதி என்று பதிவு வைக்க வேண்டும். விலங்குகளை உள்ளே விடவே கூடாது. அதாவது, எலிக்காகவே பல கடைகளில் வளர்கிற பூனைக்கும் சட்டப்படி இடமில்லை!

'மாத்திரை' என்றால் என்ன?

கடைகளில் 'மாத்திரை' என்று சொல்வது அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் இது பாஸ்பீன் என்ற வாயுவை வெளியிடும். 3 கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து சுமார் 1 கிராம் வாயு வரும். வண்டையும் எலியையும் கொல்கிற அதே வாயு மனிதரையும் கொல்லும். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

பெரிய கிடங்குகளில் இதைப் பயன்படுத்துவது உண்மைதான். ஆனால் அங்கே மூட்டை அடுக்கை வாயு கசியாத விரிப்பால் மூடி, நாள் கணக்கில் ஆள் நடமாட்டம் இல்லாமல் வைத்து, பிறகு காற்றோட்டம் விட்டுத்தான் திறப்பார்கள். ஷட்டர் திறந்து கிடக்கும் கடையில் மூட்டைக்கு நடுவே ஒரு மாத்திரையைச் செருகினால் என்ன ஆகும்? வாயு கசிந்து ஓடிவிடும். மணிக்குள் இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும். அரைகுறை வாயுவில் தப்பித் தப்பி, பாஸ்பீனுக்கே அசராத வண்டுகள் இந்தியாவில் உருவாகியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. வண்டு பிழைக்கிறது, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் அந்த வாயுவைச் சுவாசிக்கிறார். முன்னால் கடை, பின்னால் வீடு என்று இருக்கும் பழைய கட்டடங்களில் தூங்குகிற குழந்தைகளுக்கும் ஆபத்து.

இதனால்தான் அலுமினியம் பாஸ்பைடு 'கட்டுப்படுத்தப்பட்ட' பட்டியலில் இருக்கிறது. அரசு அமைப்புகளும், நிபுணர் மேற்பார்வையில் இயங்கும் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே இதைப் பயன்படுத்தலாம். 10, 20 மாத்திரை அடங்கிய குழாய் பாக்கெட்டுகளுக்கு முழுத் தடை. மளிகைக் கடைக்காரர் தானே வாங்கி வைப்பதற்குச் சட்டத்தில் வழியே இல்லை.

1958-ல் கேரளாவில் நடந்தது

இந்தியாவில் பூச்சிமருந்துச் சட்டம் பிறந்ததே மளிகைச் சரக்கும் விஷமும் ஒன்றாகப் பயணித்த ஒரு சம்பவத்தால்தான். 1958-ல் பம்பாயிலிருந்து கொச்சிக்குக் கப்பலில் வந்த கோதுமை மாவு மூட்டைகளுடன், பாலிடால் எனப்படும் பாரத்தியான் பூச்சிமருந்தும் ஏற்றப்பட்டிருந்தது. மருந்து கசிந்து மாவில் கலந்தது. அதைச் சாப்பிட்ட 100-க்கும் மேற்பட்டோர் கேரளாவில் இறந்தனர். நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம்.

அதன் பிறகும் பாடம் முழுசாக மண்டையில் ஏறவில்லை. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது.

2024 நவம்பரில் சென்னை அருகே குன்றத்தூரில் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. வீட்டில் எலித்தொல்லைக்காகப் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனத்தை அழைத்த குடும்பம் அது. வைக்கப்பட்ட எலி மருந்தின் நெடி வீட்டுக்குள் பரவி இரண்டு குழந்தைகள் இறந்தனர், பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். காசு கொடுத்து ஆள் வைத்தால் மட்டும் போதாது, வருகிறவருக்குத் தகுதி இருக்கிறதா, என்ன மருந்து வைக்கிறார் என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

யாரை அழைக்கலாம்?

1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்யத் தனி உரிமம் வேண்டும். வேளாண்மைப் பட்டமோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டமோ பெற்றவர், குறைந்தது 15 நாள் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை இந்தப் பயிற்சியைத் தருகின்றன. எனவே, உரிமத்தைக் காட்டச் சொல்வதும், மருந்தின் பெயரை எழுதி வாங்குவதும் கடைக்காரரின் உரிமை. "அதெல்லாம் எதுக்கு சார்?" என்று பதில் வந்தால் கதவை மூடிவிடலாம்.

அப்போ சிக்கல் எங்கே?

பூச்சி இருந்தால் அபராதம் என்கிறது ஒரு சட்டம். மருந்தைத் தொடாதே, உரிமம் உள்ளவரைக் கூப்பிடு என்கிறது இன்னொரு சட்டம். இரண்டுமே நியாயம்தான். ஆனால் நடுவில் மாட்டிக்கொள்வது தெருமுனைக் கடைக்காரர். சூப்பர் மார்க்கெட்டுக்கு மாதாந்திர ஒப்பந்தம் போட வசதி இருக்கிறது, குளிர்சாதனமும் இருக்கிறது. பத்துக்குப் பத்து கடைக்கு அந்தச் செலவு கட்டாது. அதனால்தான் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற மாத்திரைக்கும், தக்காளியில் தடவுகிற எலி பேஸ்ட்டுக்கும் கை போகிறது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்த பேஸ்ட், ஓரிரு நாள் ஒன்றும் தெரியாதது போல விட்டுவிட்டுக் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யும். இதை நிரந்தரமாகத் தடை செய்யத் தமிழக அரசு 2022-லிருந்தே நடவடிக்கை எடுத்தது.

விஷம் இல்லாமல் முடியுமா?

பெருமளவு முடியும். பூச்சிக்கு வேண்டியது மூன்று: தீனி, ஈரம், இடுக்கு. மூட்டையை மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கலாம். முதலில் வந்த சரக்கை முதலில் விற்கலாம். கொட்டின மாவையும் அரிசியையும் அன்றன்றே பெருக்கலாம். ஷட்டருக்கு அடியில் தகடு அடிக்கலாம். பூச்சி விழுந்த மூட்டையை அன்றே தனியாக எடுத்துவிடலாம்.

கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப்பொறி ஒன்று இருக்கிறது. துளை போட்ட குழாய், அவ்வளவுதான். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்று தேடி வரும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழுந்துவிடும். மின்சாரம், மருந்து எதுவும் வேண்டாம். எந்த மூட்டையில் பூச்சி ஆரம்பிக்கிறது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும். இதே பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி 1965 முதல் மதுரை ஒத்தக்கடை பக்கம் யானைமலை அருகே இருக்கிறது. ஊருக்குள் இருக்கிற இந்த அறிவு கீழமாசி வீதி வரைக்கும் வர வேண்டும். அபராத நோட்டீஸ் கொடுக்கும்போதே பொறி வைக்கவும் சொல்லிக்கொடுத்தால் மாத்திரைக்கான தேவை தன்னால் குறையும்.

எலிக்கு முதல் தேர்வு கூண்டு. மருந்து வைத்தே ஆக வேண்டும் என்றால் புரோமாடியோலோன் வகை, அதுவும் பூட்டிய பெட்டிக்குள், சரக்கு இல்லாத இடத்தில், தகுதியுள்ளவர் கையால் மட்டும். இதற்கு வைட்டமின் கே1 என்ற மாற்று மருந்தாவது இருக்கிறது.

வாங்குபவர்கள் கவனத்துக்கு...

* அரிசியில் வண்டு இருந்தால் புடைத்து, நிழலில் காயவைத்து, கழுவிச் சமைக்கலாம். அது விஷமல்ல. பயறு, ரவையை நான்கைந்து நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டையும் சாகும். வசம்பு, வேப்பிலை பூச்சியை விரட்டும், ஆனால் மணிக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது.

* எலி கடித்த பாக்கெட்டை வாங்கவே வேண்டாம்.

* மூட்டைக்குள் மாத்திரையோ சாம்பல் நிறப் பொடியோ கிடந்தால், பூண்டு அல்லது அழுகிய மீன் நாற்றம் வந்தால், முகர்ந்து பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, வாயு இன்னும் அதிகமாக வரும். எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

* தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழைத்து, எந்த மருந்து என்பதையும் சொல்லுங்கள். தெரியாமல் சிகிச்சை தாமதமாவதுதான் உயிரை எடுக்கிறது.

* கடை பற்றிய புகாரை உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பலாம்.

வண்டு இருக்கிற அரிசியைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொண்டால் நஷ்டம் சில நூறு ரூபாய். மாத்திரை வைத்த மூட்டை வீட்டுக்கு வந்தால் அதைத் திருப்பித் தர முடியாமலே போகலாம்.