கேள்வி நேரம்: மலையேறும் ஜீப்புக்கு ரப்பர் புஷ்ஷா, பாலியூரித்தேன் புஷ்ஷா?

“குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. ஷீட், ஒட்டுப்பால், வாழைக்குலை, மரச்சீனி எல்லாவற்றையும் பழைய ஜீப்பில்தான் ரோட்டுக்கு இறக்குகிறோம். விடியற்காலையில் பால்வெட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போவதும் அதில்தான். நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ரப்பர் புஷ் மாற்றிவிட்டேன். மறுபடியும் ‘டக் டக்’ என்று சத்தம். ‘பாலியூரித்தேன் புஷ் போடுங்கள், நம்ம ரோட்டுக்கு ரப்பர் தாங்காது’ என்கிறார்கள். விலை மூன்று மடங்கு. மாற்றலாமா? ரப்பர் விவசாயிக்கே ரப்பர் உதவாதா?”

– வாசகர், குமரி மாவட்டம்

பதில்: உங்கள் வண்டிக்கு ரப்பர் புஷ்ஷே போதும். ஆனால், ஒரே வருஷத்தில் இரண்டு தடவை ஏன் போனது என்று பார்க்காமல் மூன்றாவது செட் வாங்காதீர்கள். அந்தக் காரணம் அப்படியே இருந்தால், மூன்று மடங்கு விலை கொடுத்தாலும் பணம் வீண்தான்.

புஷ் என்பது பட்டையின் இரண்டு முனைகளிலும் உள்ள வளையத்துக்குள் இருக்கும் சிறு உருளை. நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதைச் சுற்றி ரப்பர். பெரும்பாலான வகைகளில் வெளியே இன்னொரு இரும்புக் குழாயும் இருக்கும். பட்டை மேலும் கீழும் ஆடும்போது இரும்பு எதுவும் வழுக்கி உரசுவதில்லை. நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதனால்தான் இதற்கு கிரீஸ் தேவையில்லை. லட்சக்கணக்கான தடவை முறுக்கினாலும் கிழியாத குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. இரும்போடு நன்றாக ஒட்டிப்பிடிக்கவும் செய்யும்.

இனி, புஷ் சீக்கிரம் போவதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

முதல் காரணம், போல்ட்டை முறுக்கும் விதம். பல இடங்களில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் பட்டை நிமிர்கிறது. இறுகிப்போன புஷ் அந்த நொடியிலேயே ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. வண்டி நிற்கும்போதும் அந்த முறுக்கு தீராது. அதன்மேல் பாறை ரோட்டின் ஆட்டமும் சேர்ந்தால் ரப்பர் சீக்கிரம் கிழியும். போல்ட்டை முதலில் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, சக்கரத்தின் மேல் எடை உட்கார்ந்த பிறகே முழுமையாக இறுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் கூடவே நின்று இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இதற்குத் தனிச் செலவு இல்லை.

இரண்டாவது காரணம், கழிவு ஆயில். துருப்பிடிக்காமல் இருக்கவும், கிறீச் சத்தம் வராமல் இருக்கவும் பழைய இன்ஜின் ஆயிலைப் பட்டையில் பூசும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது வழிந்து புஷ்ஷில் இறங்கும். பெட்ரோலில் போட்ட ரப்பர் துண்டு ஊதிப்போவது உங்களுக்குத் தெரியும். ஆயில், டீசலிலும் இயற்கை ரப்பர் ஊதி, இளகி, வலுவிழக்கும். பட்டைக்குப் பூசியே ஆக வேண்டும் என்றால் நடுப்பகுதியோடு நிறுத்துங்கள். மேலே ஏதாவது ஆயில் கசிவு இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மூன்றாவது, தேய்ந்த வளையமும் அதிக பாரமும். சத்தம் வந்த பிறகும் ஓட்டினால் போல்ட்டும் வளையமும் ஷேக்கிளும் தேய்ந்துவிடும். தேய்ந்த இடத்தில் புதுப் புஷ் இறுக்கமாக உட்காராது. புஷ்ஷைக் கையால் தள்ளினாலே தளதளவென்று உள்ளே போனால், வளையம் விரிந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் அதைப் பாருங்கள்.

பாலியூரித்தேன் மோசமான பொருள் என்று சொல்லவில்லை. 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த இந்தப் பொருள் ஆயிலைத் தாங்கும், உரசலைத் தாங்கும். புஷ்ஷுக்குப் பயன்படும் வகைகள் பெரும்பாலும் ரப்பரைவிடக் கடினமானவை. வண்டி ஆட்டம் குறையும், ஸ்டீரிங் இறுக்கமாக இருக்கும். பல செட்டுகள் இரண்டு துண்டாக வருவதால் பிரஸ் இல்லாமலே மாட்டலாம்.

ஆனால் இது முறுக்கிக்கொள்வதில்லை. உள்ளே இருக்கும் குழாயின் மேல் வழுக்கிச் சுழலும். அதனால் கிரீஸ் வேண்டும். செட்டோடு வரும் சிலிக்கோன் வகை கிரீஸைப் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் கழற்றித் துடைத்து மறுபடி பூச வேண்டும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை. செம்மண் சேறு உள்ளே புகுந்தால் அரத்தால் ராவுவதுபோலக் குழாயைத் தேய்க்கும். கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். இதிலும் எஸ்டர், ஈத்தர் என இரண்டு வகை உண்டு. எஸ்டர் வகை ஈரத்திலும் சூட்டிலும் நாளடைவில் சிதையும். வாங்கினால் ஈத்தர் வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி, மறுசக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது புஷ் சுழல்வதோடு சாயவும் வேண்டும். ரப்பர் சாய்ந்து கொடுக்கும். கடினமான பாலியூரித்தேன் அந்த அளவுக்குக் கொடுக்காது. அந்த விசை பிராக்கெட்டுக்கும் சேஸுக்கும் போகும். பழைய வண்டியின் துருப்பிடித்த பிராக்கெட்டில் விரிசல் விட்டால் வெல்டிங் செலவு புஷ் விலையைத் தாண்டிவிடும். 2020இல் வந்த புதிய தார், 2023இல் வந்த ஜிம்னி போன்ற காயில் ஸ்பிரிங் வண்டிகளில், பின் ஆக்சிலைப் பிடிக்கும் நீளக் கைகளின் புஷ்ஷுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே ரப்பரே நல்லது.

பாலியூரித்தேன் யாருக்குப் பொருந்தும்? பெரும்பாலும் தார்ரோட்டில் ஓட்டுபவர்களுக்கு, வருஷம் ஒருமுறை கழற்றி கிரீஸ் போடும் பொறுமை உள்ளவர்களுக்கு, பட்டை வண்டியாக இருந்தால் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. ‘டக் டக்’ சத்தத்தோடு ஆட்களை ஏற்றி மலை இறங்காதீர்கள். புஷ் தேய்ந்தால் பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் நகர்ந்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தேய்ந்த போல்ட் முறியவும் கூடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, வளையத்துக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே கடப்பாரையை மெல்ல நெம்பிப் பாருங்கள். நடுக்குழாய் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாலோ, ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். மற்றபடி, இலை உதிர்ந்து வெட்டு நிறுத்தும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே முழுச் சோதனைக்கு வசதியான காலம்.

கடைசிக் கேள்விக்கும் பதில்: உங்கள் தோட்டத்து ரப்பர் உதவும். அளவு சரியான நல்ல புஷ்ஷாக வாங்கி, தேய்ந்த போல்ட்டையும் சேர்த்து மாற்றி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு இறுக்குங்கள். மிச்சமாகும் பணம் அடுத்த உரத்துக்கு ஆகும்.