பூங்கா வரட்டும்; பரிசல் போகலாகாது!



ஆடிப் பதினெட்டாம் நாளில் ஒகேனக்கல் ஆற்றங்கரையைக் கண்டிருக்கிறீர்களா? பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவர். புதுமணப் பெண் தாலிக்கயிறு மாற்றிக் கொள்வாள். பாட்டி காவிரிக்குப் படையல் வைப்பாள். பேரப்பிள்ளைகள் அருவியில் குளித்துவிட்டுக் கண் சிவக்க வந்து, "பசிக்கிறது" என்பார்கள். ஏழை யார், செல்வன் யார் என்று ஆறு பார்ப்பதில்லை. பொதுப் பூங்கா என்பதற்கு இதைவிட வேறு இலக்கணமும் வேண்டுமோ?

அந்தக் கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று திட்டங்கள் வருகின்றன. நடைபாதை, பூங்கா, பார்வைக் கோபுரம், வண்டிகள் நிறுத்துமிடம் என்று பட்டியல் நீளுகிறது. மகிழ்ச்சி! நாம் அழகுக்குப் பகைவர் அல்லர். பெண்கள் உடைமாற்ற மறைவான அறை வேண்டும். தூய கழிப்பிடம் வேண்டும். நிழல்தரும் மரம் வேண்டும். ஆற்றில் குப்பை சேராதிருக்க வழி வேண்டும். இவற்றை வேண்டாம் என்பவன் மக்களின் நண்பனாக இருக்க முடியாது.

ஆனால், ஒரு கேள்வி உண்டு. படத்தில் பூச்செடி இருக்கிறது, இருக்கை இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது. பரிசல்காரன் எங்கே? எண்ணெய் தேய்த்துவிட்டு நாலு காசு பெறும் தொழிலாளி எங்கே? வருவோர் வாங்கித் தரும் மீனை, அடுப்புப் புகையில் கண் கரிய, மசாலா தடவிச் சமைத்துத் தரும் தாய்மார் எங்கே?

ஆறு பெருகினால் இவர்கள் வயிறு காயும். பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடியதும், பரிசல் இயக்கத் தடை. அருவியில் குளிக்கத் தடை. உயிரைக் காக்கும் அந்தத் தடையை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்நாள்களில் கூலி இல்லை. அடுப்பில் உலையும் இல்லை. வெள்ளம் வடிந்தால் அந்தத் தடை நீங்கும். கரையில் கான்கிரீட்டுச் சுவர் எழுந்து எழுப்பும் தடை எந்நாளில் நீங்கும்?

"கற்பனையாக அஞ்சுகிறீர்கள்" என்று சிலர் நகைக்கக்கூடும். வரலாற்றைப் புரட்டுங்கள். சென்னைக் கடற்கரையில் 1884-இல் உலாவுமிடம் அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டஃப். அவர் வருமுன்னரே அந்த மணலில் கட்டுமரம் இருந்தது. நூறாண்டு கழிந்து, 1985-இல், அந்தக் கடற்கரையை அழகுபடுத்துவதற்கென்று மீனவர்களின் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் புகுந்தனர். எதிர்த்து நின்ற மீனவர்மீது துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் பறிபோயின. உலாவ வந்தவனுக்குக் கரை. உழைக்க வந்தவனுக்குக் குண்டு! அதற்குப் பெயரும் அழகுபடுத்தல்தான்!

ஆமதாபாத்தைப் பாருங்கள். சபர்மதி ஆற்றங்கரைத் திட்டம் 2005-இல் வேலை தொடங்கி, 2012-இல் உலாவுமிடம் திறக்கப்பட்டது. கரையோரக் குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. ஆனால் அதே கரையில், ஞாயிறுதோறும் கூடிய குஜ்ரி பஜார் என்னும் பழஞ்சந்தையின் வணிகர்கள் சங்கமாகத் திரண்டு வழக்குமன்றம் ஏறினர், போராடினர். 2014-இல் அந்தச் சந்தைக்கு அதே ஆற்றங்கரையில் இடம் அமைந்தது. சங்கமாக நின்றவன் கரையில் நின்றான் என்பதே அந்த ஊர் நமக்குத் தரும் பாடம்.

"பரிசல் ஆபத்தானது, அதனால் ஒழுங்கு வேண்டும்" என்பர். ஒழுங்கு வேண்டும்தான். உயிர்காப்புச் சட்டை தாருங்கள். ஏற்றும் ஆள்கணக்கை வரையறுங்கள். பழுதான பரிசலைக் கழியுங்கள். ஆனால் எந்தப் பாறைக்குப் பின்னால் சுழல் உண்டு என்பதைத் துடுப்புப் பிடித்த கையன்றி எந்தப் பொறியாளர் அறிவார்? அவனைத் துரத்திவிட்டு எந்தப் பாதுகாப்பைத் தேடப் போகிறீர்கள்?

"சுற்றுலா வளர்ந்தால் வருவாய் பெருகும்" என்பர். பெருகட்டும்! யாருக்கு? வேலை தேடி இம்மாவட்டத்து இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகிறார்களே, ஏறாமல் ஊரிலேயே நின்று பிழைப்பவர்களில் இந்தக் கரையோரத்தாரும் உண்டல்லவா? காலடியில் காவிரி ஓடியும், ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பழுதுபட்ட மாவட்டம் இது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல், 2013-இல்தான் தொடக்கம். அந்த நீர் வீட்டுக்கு வர எத்தனை ஆண்டு காத்திருந்தோம்! அதே ஆறு தரும் சோற்றையும் இழக்கச் சம்மதிப்போமா?

சட்டம் காக்காதா என்று கேட்பீர்கள். தெருவோர வணிகர்களுக்கென 2014-இல் நடுவண் அரசு ஒரு சட்டம் இயற்றியது. கணக்கெடுப்பு முடியுமுன் எவரையும் அகற்றலாகாது என்றது. வணிகக் குழுவில் பத்துக்கு நான்கு இடமேனும் வணிகர்களுக்கே என்றது. நல்ல சட்டம்! ஆயின் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி போன்ற நகர அமைப்புகளை எண்ணி எழுதப்பட்டது. ஒகேனக்கல்லோ கூத்தப்பாடி ஊராட்சியைச் சேர்ந்தது. நகரத்துத் தள்ளுவண்டிக்குக் கிடைத்த கவசம் நாட்டுப்புறத்துப் பரிசலுக்கு எட்டவில்லை!

ஆகவே, தோழர்களே, நாம் செய்யவேண்டியது என்ன? கிராமசபை நம் கையில் இருக்கிறது. குடியரசு நாளிலும் மே நாளிலும் விடுதலை நாளிலும் அக்டோபர் 2-ஆம் நாளிலும் அது கூடும். திட்டத்தின் வரைபடத்தை அங்கே விரித்து வைக்கக் கேளுங்கள். பரிசல் துறை எங்கே, மீன் அடுப்புக்கு இடம் எங்கே, எண்ணெய் தேய்ப்போர்க்கு நிழற்கூடம் எங்கே என்று விரல்வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட இடமில்லையேல், வரைபடத்தை மாற்றச் சொல்லித் தீர்மானம் எழுதுங்கள். தொழிலாளர்கள் ஒவ்வொருவர் பெயரும் வேலை தொடங்குமுன் பட்டியலில் ஏறவேண்டும். வேலை நடக்கும் மாதங்களுக்கு மாற்று இடம் வேண்டும். பூங்காவுக்குக் கட்டணம் வைத்தால், கூலிக்காரன் குடும்பத்துக்கு அது சுவராகாதிருக்கவேண்டும். இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்!

தனித்தனியே சென்று அதிகாரியின் வாயிலில் கைகட்டி நிற்காதீர்கள். பரிசல்காரனும் சமையல்காரியும் எண்ணெய் தேய்ப்பவனும் ஒரே சங்கமாகச் செல்லுங்கள். முன்னால் நீங்கள் நில்லுங்கள்.

பூங்காவில் பூக்கள் பூக்கட்டும். அதன் ஓரத்தில் மீன் பொரியும் அடுப்பும் எரியட்டும்; துறையில் பரிசலும் சுழலட்டும். ஆற்றை வேடிக்கை பார்க்க வருபவனுக்கு ஒரு நாள் இன்பம். அந்த ஆற்றோடு வாழ்பவனுக்கோ ஆயுள் முழுதும் வாழ்வு. அந்த வாழ்வுக்கு இடம் தராத பூங்கா, பொதுப் பூங்கா ஆகாது!